ஐக்யூ 126, ஆனால் சொன்னால்தான் குளிக்கிறான். இது சோம்பலா?

மாடிப்படி எழுதியது:

என் மகனுக்கு 17 வயது. ஆறு வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். பேச்சில் தாமதம் இல்லை, படிப்பில் குறை இல்லை. கணக்கில் என்னால் அவன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அதனால் இத்தனை வருடம் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. வீட்டு வேலை, தன் வேலை எல்லாம் வயது ஏற ஏறத் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் முன்பு என் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. நான்கு நாள் அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டில் இவனும் இவன் அப்பாவும். அவர் காலையில் போனால் இரவுதான் வருவார். நான் திரும்பி வந்தபோது, கிளம்பிய அன்று போட்டிருந்த அதே சட்டையில் இருந்தான். பல் துலக்கும் பிரஷ் நான் வைத்த கோணத்திலேயே காய்ந்து கிடந்தது. இரண்டாம் நாள் அவன் அறையில் பல்பு போய்விட்டிருக்கிறது. மீதி நாள் முழுக்க லேப்டாப் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறான். மாற்று பல்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எல்இடி எப்படி ஒளி தருகிறது என்று கேட்டால் அரை மணி நேரம் விளக்குவான். ஏன் மாற்றவில்லை என்றேன். "மாற்றச் சொல்லி நீ சொல்லவில்லையே" என்றான். திமிராகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதுதான் காரணம் என்பதுபோல் சொன்னான்.

அதற்கப்புறம்தான் மறுபடி சோதனைக்குக் கூட்டிப்போனேன். ஐக்யூ 126. அதே இடத்தில் என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு 'வைன்லேண்ட்' என்று ஒன்று போட்டார்கள். அதில் அன்றாட வாழ்க்கைத் திறன் 71. இரண்டு எண்ணும் ஒரே பிள்ளையுடையவையா என்று எனக்குப் புரியவில்லை. அவன் அப்பா "இது வேண்டுமென்றே செய்வது, மூளை இருப்பவனுக்குக் குளிக்கத் தெரியாதா" என்கிறார். எனக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது, மறைப்பானேன். இன்னும் ஒரு வருடத்தில் கல்லூரி, விடுதி என்று போக வேண்டும். இது சோம்பலா, வேறு ஏதாவதா?


நேர்ப்பேச்சு எழுதியது:

தவறாக நினைக்காதீர்கள் சகோதரி. எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டீர்கள். நான்கு நாள் போதாது, நான்கு மாதம் விட்டுப் பாருங்கள். தண்ணீரில் இறங்காமல் யாருக்கும் நீச்சல் வந்ததில்லை.


ஈரத்துணி எழுதியது:

என்னை அப்படித் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். 22 வயதில், முதல் வேலை, தனி அறை. இப்போது எனக்கு 41. ஆட்டிசம் என்று தெரிந்தது 36 வயதில். நடுவில் இருந்த 14 வருடம் நீச்சல் வரவில்லை, மூழ்காமல் இருக்கத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் இதற்குப் பதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் மென்பொருள் எழுதுபவள். ஆயிரக்கணக்கான வரிகளில் தப்பு எங்கே என்று மோப்பம் பிடித்துவிடுவேன். அதே நான், சலவை எந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு மூன்று நாள் கழித்து நாற்றம் வந்த பிறகு திறப்பேன். மறுபடி துவைக்கப் போட்டு மறுபடி மறப்பேன். ஒரே துணியை நான்கு முறை துவைத்ததும் உண்டு. (என் பெயர் இங்கே ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.) மின்கட்டணம் கட்டாமல் இணைப்பைத் துண்டித்தார்கள். கணக்கில் பணம் இருந்தது, ரசீது மேசைமேல் இருந்தது. அந்த உறையைப் பிரிக்கத்தான் முடியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அலுவலகத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதுவரை நான் எழுதிய நிரலின்மேல் கோபமாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபமில்லை, முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது என்று உடம்பு உள்ளிருந்து அனுப்பும் செய்தியெல்லாம் எங்களில் பலருக்கு மங்கலாகத்தான் வந்து சேரும், அல்லது பெயர் மாறி வரும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சோம்பலா என்று கேட்டீர்கள். சோம்பேறிக்கு அந்த நேரம் இனிக்கும் அக்கா. நான் கையில் துண்டை வைத்துக்கொண்டு கட்டிலில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே ஒரு குரல் 'எழுந்திரு, எழுந்திரு' என்று கத்திக்கொண்டே இருக்கும். கால் நகராது. அப்போது வேறு எதையும் ரசிக்கவும் முடியாது. எங்களைப் போன்றவர்கள் இதை 'இனெர்ஷியா' என்கிறோம். பள்ளியில் படித்தோமே, நிலைமம், அதேதான். நின்றது நின்றபடி இருக்கும். ஓட ஆரம்பித்தால் நிற்கவும் தெரியாது. உங்கள் மகன் இரவு மூன்று மணிவரை ஒரே கணக்கில் உட்கார்ந்திருப்பானே, அதுவும் இதே கோளாறின் மறுபக்கம். அதைப் பார்த்துத்தான் 'பிடித்ததை மட்டும் செய்கிறான்' என்று வீட்டில் முடிவு கட்டுவார்கள்.

உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவப் புத்தகமே ஒரு காலத்தில் அவரைப்போல்தான் பேசியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994-இல் நான்காம் பதிப்பாக வந்தபோது ஆஸ்பெர்கர் என்று தனி வகை ஒன்றை வைத்தார்கள். அறிவு வளர்ச்சியிலும், வயதுக்கேற்பத் தன்னைத் தானே கவனித்துக்கொள்வதிலும் குறிப்பிடத்தக்க தாமதம் இருக்கக் கூடாது என்பது அந்த வரையறையிலேயே இருந்தது. அதாவது பேச்சும் அறிவும் சரியாக இருந்தால் குளியலும் துணியும் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் ஐந்தாம் பதிப்பில் அந்தத் தனி வகையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டிசம் என்று ஒன்றாக்கி, எவ்வளவு துணை தேவை என்று பார்க்கச் சொன்னார்கள். ஆனால் 'புத்திசாலி, அவனே பார்த்துக்கொள்வான்' என்பது மட்டும் வீடுகளில் அப்படியே இருக்கிறது.

சரி, எனக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்கிறேன்.

கைப்பேசி நினைவூட்டல் உதவவில்லை. நானே ஒரு செயலி எழுதி ஒரு நாளைக்கு 47 நினைவூட்டல் வைத்தேன். இரண்டாம் வாரமே, மணி அடித்தால் பார்க்காமலேயே விரலால் தள்ளிவிடும் திறமை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் வேகமாகக் கற்றுக்கொண்ட ஒரே அன்றாடத் திறன் அது!

வழியில் குறுக்கே கிடக்கும் பொருள் உதவியது. எந்திரத்தில் துணி போட்டதும் காலிக் கூடையைத் தூக்கி என் கணினி நாற்காலிமேல் வைத்துவிடுவேன். உட்கார வேண்டுமென்றால் கூடையை எடுத்தாக வேண்டும், கூடை கையில் வந்தால் துணி ஞாபகம் வரும். மணி அடித்தால் தள்ளிவிடலாம், கூடைமேல் உட்கார முடியாதே.

முடிவெடுக்கும் இடங்களைக் குறைத்ததும் உதவியது. ஒரே நிறத்தில் ஏழு சட்டை. சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். குளியலுக்கு 'ஏழு மணி' என்று நேரம் வைக்காமல், 'நடந்துவிட்டு வந்ததும், செருப்பைக் கழற்றியதும்' என்று இன்னொரு செயலின் வாலில் கட்டிவிட்டேன். ஏற்கெனவே எழுந்து நிற்கும் உடம்பைக் குளியலறைக்குத் திருப்புவது சுலபம், உட்கார்ந்த உடம்பை எழுப்புவதுதான் கஷ்டம்.

குளியலில் எனக்குத் தண்ணீர் பிரச்சினையே இல்லை. காய்ந்த உடம்பு நனையும் அந்த முதல் நொடி, அப்புறம் ஈர உடம்பில் துண்டு உரசுவது, இந்த இரண்டும்தான். இது எனக்கே 37 வயதில்தான் தெரிந்தது. ஏனென்றால் அதுவரை எல்லோரும் 'ஏன் குளிக்கவில்லை' என்றுதான் கேட்டார்கள். 'ஏன்' என்று கேட்டால் எனக்கு வாய் அடைத்துவிடும். உங்கள் மகனிடம் 'எந்த இடத்தில் நின்றுவிடுகிறது' என்று கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள்.


நேர்ப்பேச்சு எழுதியது:

நீங்கள் எழுதியதைப் படித்தேன். பல்பு விஷயம் எனக்கும் உறைக்கத்தான் செய்கிறது, இருட்டில் உட்கார யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கூடை வைப்பது, பாட்டிலைக் குறைப்பது, இதெல்லாம் கடைசிவரை அம்மாவேவா செய்துகொண்டிருப்பது?


ஈரத்துணி எழுதியது:

என் கூடையை நாற்காலிமேல் வைப்பது நான்தான், என் அம்மா இல்லை. கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம், அதைக் கடைசிவரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். எந்தக் கண்ணாடி என்று கண்டுபிடிக்கும்வரை ஒருவர் கூட இருந்தால் போதும்.


தெரபி மேசை எழுதியது:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி தருபவர். பதினொரு வருடமாக வளரிளம் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். அம்மா, அந்த இரண்டு எண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள்.

இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான். சராசரி 100, ஒவ்வொரு படியும் 15 புள்ளி. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். உங்கள் மகன் ஒன்றில் ஒரு படிக்குமேல் உயரத்திலும், மற்றதில் ஏறத்தாழ இரண்டு படி கீழேயும் இருக்கிறான். ஆனால் இரண்டும் அளப்பது வேறு வேறு. ஐக்யூ சோதனையில் அமைதியான அறை, எதிரே ஒருவர். ஒவ்வொரு கேள்வியையும் அவர்தான் எடுத்து வைப்பார், 'ஆரம்பி' என்பார், முடிந்ததும் அடுத்ததை நீட்டுவார். எப்போது தொடங்குவது, எதை முதலில் செய்வது, எப்போது நிறுத்துவது என்ற சுமை முழுக்க அவர் தலையில். பிள்ளை யோசித்தால் போதும். வைன்லேண்டில் கேட்பது தலைகீழ். 'முடியுமா' என்று கேட்பதில்லை, யாரும் சொல்லாமல் 'வழக்கமாகச் செய்கிறானா' என்பதுதான் கேள்வி. வழக்கமாகச் செய்தால் 2, சில நேரம் என்றால் 1, செய்வதே இல்லை என்றால் 0. பல்பு மாற்றத் தெரியும், மாற்றவில்லை என்றால் அங்கே அதற்கு மதிப்பெண் கிடையாது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டிசம் உறுதியான 2,200-க்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை வைத்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. அறிவுத்திறன் குறைபாடு இல்லாத பிள்ளைகளிடம் ஐக்யூவுக்கும் அன்றாடத் திறனுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பதை அதில் காட்டினார்கள். ஐக்யூவை வைத்து அன்றாடத் திறனைச் சரியாகக் கணிக்க முடியாது என்றும், 'உயர் செயல்திறன் ஆட்டிசம்' என்ற பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது என்றும் சொன்னார்கள். வயது ஏற ஏற இந்த இடைவெளி விரிவதும் உண்டு. பிள்ளை பின்னால் போகிறான் என்று பயந்துவிடாதீர்கள். மதிப்பெண்ணை அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் போடுகிறார்கள். ஏழு வயதில் யாரும் கட்டணம் கட்டுவதில்லை, 17 வயதில் எதிர்பார்ப்பு மலைபோல் ஏறிவிடுகிறது. அவன் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தாலும் எண் கீழே போகும்.

இப்போது அவன் சொன்ன அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "நீ சொல்லவில்லையே." நான் இதை எழுதி வைத்துக்கொண்டேன். உங்களுக்குக் குளியல் என்பது வாளியில், அல்லது குழாயைத் திறப்பதில் தொடங்குகிறது. அவனுக்கு முதல் படியே உங்கள் குரல். பத்து வருடமாக அந்தப் படி தவறாமல் வந்திருக்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முதல் படியும் உங்களோடு போய்விட்டது. நேர்ப்பேச்சு அவர்கள் 'பழக்கிவிட்டீர்கள்' என்று சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதற்காகக் குரலைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அந்த இடத்தில் உங்கள் வாயைச் சேராத ஒன்றை வைத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். ஈரத்துணியின் கூடை அப்படிப்பட்ட ஒன்றுதான்.

புதிதாகக் கற்றுத்தரும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். துணி என்றால், துவைத்து உலர்த்தி எடுத்து வருவதுவரை நீங்கள், அலமாரியில் வைத்து மூடுவது மட்டும் அவன். அது வந்தபின் கடைசி இரண்டு படி, அப்புறம் மூன்று. முடித்தேன் என்ற நிறைவு முதல் நாளே அவனுக்குக் கிடைக்கும். முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் நின்ற வேலைகள்தான் மிஞ்சும்.

விடுதிக்கு ஒன்று. வீட்டுக் குளியலறையில் கற்றது விடுதிக் குளியலறைக்குத் தானாகப் போகாது. குழாய் வேறு, தாழ்ப்பாள் வேறு, வெளியே ஆள் காத்திருப்பார். நமக்கு அது சின்ன வித்தியாசம், இவர்களில் பலருக்கு அது வேறு வேலை. இந்த ஒரு வருடத்தில் உறவினர் வீடு, நண்பர் வீடு என்று இரண்டு மூன்று இடத்தில் தங்கிக் குளித்துப் பழகட்டும். சேர்வதற்கு முன் அந்த விடுதியை ஒருமுறை காட்டிவிடுங்கள்.


இரண்டாம் ஷிப்ட் எழுதியது:

தங்கச்சி, என் மகளுக்கு 24. இதே கதை, இதே சண்டை. குளிக்கும் படிகளைப் பட்டியல் போட்டு ஒட்டச் சொல்வார்களே என்று குளியலறைக் கதவில் படம் படமாகப் போட்டு ஒட்டினேன். சிரிக்கும் பல், சிரிக்கும் சோப்பு எல்லாம். அப்போது அவளுக்கு 19. கிழித்து என் மேசைமேல் வைத்துவிட்டாள். கோபம் நியாயம்தான், கல்லூரி படிக்கும் பெண்ணுக்குச் சிரிக்கும் சோப்பு. பிறகு அவளே எக்செல்லில் ஒன்று செய்தாள். எனக்கு அதில் பாதி புரியாது, அவளுக்குப் புரிகிறது.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் பிடித்து இழுக்காதீர்கள். நாங்கள் உட்கார்ந்து பேசி மூன்றை மட்டும் எடுத்தோம். மாத்திரை, குளியல், பணம். துணி மடிப்பதை விட்டேவிட்டோம். மடிக்காத துணியால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.


மாடிப்படி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

'எந்த இடத்தில் நின்றுவிடுகிறது' என்று கேட்டேன். தெரியவில்லை என்று அறைக்குள் போய்விட்டான். இருபது நிமிடம் கழித்து அடுத்த அறையிலிருந்து கைப்பேசியில் பதினொரு வரி அனுப்பினான். இரண்டு விஷயம். ஒன்று, குளியலறை விளக்கைப் போட்டால் காற்றை வெளியேற்றும் விசிறியும் சேர்ந்து ஓடும், இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். அந்தச் சத்தத்தில் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே மறந்துபோகிறதாம். பதினேழு வருடமாக அந்த விசிறி ஓடுகிறது, எனக்கு அதற்குச் சத்தம் இருப்பதே தெரியாது. இரண்டாவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். "குளித்து முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? நீ கதவைத் தட்டும்போதுதான் முடிந்தது என்று வைத்துக்கொள்கிறேன்." தொடக்கம் மட்டுமில்லை, முடிவும் என் குரலில்தான் இருந்திருக்கிறது.

முடிவை அவனே வகுத்துக்கொண்டான். தலை, கை, உடம்பு, கால் என்று நான்கு பாகம், ஒவ்வொன்றுக்கும் அவனுக்குப் பிடித்த ஒரு எண்வரிசை. கால் முடிந்தால் குழாய் மூட வேண்டும். எனக்கு அந்த எண்கள் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

தொடக்கத்துக்கு நாற்காலிமேல் துண்டு வைத்தேன். மூன்றாம் நாளே துண்டை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். இப்போது துண்டு கீபோர்டுமேல் இருக்கிறது. கடைசி 21 நாளில் 14 நாள் நான் வாயே திறக்காமல் குளித்திருக்கிறான். மீதி ஏழு நாளில் இரண்டு நாள் நான் பொறுக்க முடியாமல் கத்தினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விசிறியை அவன் அப்பா போன ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டுப் பிரித்து, தனி சுவிட்சுக்கு மாற்றினார். அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பையன் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான். அவன் அறைப் பல்பையும் அன்றே மாற்ற வைத்தார், நல்ல பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டச் சொல்லி, மூன்று முறை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நகம் வெட்டுவது. கையைக் கொடுக்கவே மாட்டேன் என்கிறான், அவனும் வெட்டுவதில்லை. யாருக்காவது வழி தெரியுமா?


ஈரத்துணி எழுதியது:

எனக்கு அந்த 'டிக்' சத்தமும், வெட்டியபின் விரல்நுனி எங்கே பட்டாலும் கூசுவதும் ஆகாது. நகவெட்டியை விட்டுவிட்டு அரம் வாங்கிக் கொடுங்கள், நகத்துக்கென்று இருப்பது. நீங்கள் பிடித்துத் தேய்க்காதீர்கள், அவனே தேய்க்கட்டும். அரம் உரசுவதும் பிடிக்காவிட்டால், குளித்து நகம் ஊறியபின் காதில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு வெட்டலாம், ஊறினால் சத்தம் குறையும். ஒரே நாளில் பத்து விரல் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று, பத்து நாளில் சுற்று முடியும். நான் இடது கைச் சுண்டுவிரலில் வந்து நிற்கிறேன், நான்கு நாளாக.